இதயம் நின்றால் மூளைக்கு ஆபத்து



புனே பக்கம் தளேகாவ் ரயில் நிலையத்தில் ஒருவர் திடீரென விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு இல்லை. இதயம் நின்றுவிட்டது. சில நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும்.

108-க்குப் போன் செய்யுங்கள். நடு நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்!

தலையில் ஐஸ் வைக்கலாமா? வேண்டாம். ஐஸ் தேடி ஓடும் நேரம் வீண். குளிரவைப்பது ஆஸ்பத்திரி வேலை. இதயம் மறுபடி துடித்தும் நினைவு வராதவருக்குத்தான் அது.

சாதாரண உடல் சூடு 37 டிகிரி. மூளையைக் காக்க அதை 33 வரை இறக்கினார்கள். 2002-இல் வந்த ஆஸ்திரேலிய, ஐரோப்பிய ஆய்வுகளில் பலன் தெரிந்தது. 2021-இல் வந்த பெரிய ஆய்வில், குளிரவைக்காமல் காய்ச்சலை மட்டும் தடுத்தபோதும் அதே அளவு பேர் பிழைத்தார்கள். இப்போது பல ஆஸ்பத்திரிகளில் சூடு 37.5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.