வாய் திறந்து தூங்கும் குழந்தை



உங்கள் வீட்டில் 3 வயதுக்கும் 7 வயதுக்கும் இடைப்பட்ட குழந்தை இருக்கிறதா? இன்று இரவு அது தூங்கும்போது முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். வாய் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா?

"சளி பிடிச்சிருக்கு, அதான்" என்பீர்கள். சளி பத்து நாளில் போய்விடும். மாதக்கணக்கில் வாய் திறந்தே இருந்தால் அது வெறும் சளி அல்ல.

மூக்கின் பின்புறம், உள்நாக்குக்கு மேலே, ஒரு சதை உண்டு. அடினாய்டு என்பார்கள். கிருமிகளைத் தடுக்கும் காவல் அது. எல்லாக் குழந்தைக்கும் இருக்கும். வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. அடிக்கடி சளியோ அலர்ஜியோ வந்தால் இது பருத்து மூக்கு வழியை அடைத்துவிடும். காவல்காரனே வாசலை மறித்துப் படுத்த கதைதான்!

அடைத்தால் என்ன ஆகும்?

மூச்சு: குழந்தை குறட்டை விடும். சில சமயம் சில விநாடி மூச்சு நின்று, திடுக்கென்று மறுபடி இழுக்கும். சரியான தூக்கமில்லாமல் பகலெல்லாம் சோர்வு, எரிச்சல்.

பேச்சு: 'ம', 'ந' என்ற எழுத்துகளுக்கு மூக்கு வழியாகக் காற்று போக வேண்டும். அடைத்திருந்தால் "அம்மா" என்று கூப்பிடுவது "அப்பா" என்பது போலக் கேட்கும்.

சாப்பாடு: வாய் நிறையச் சோறு இருக்கும்போது மூச்சு எந்த வழியாக விடுவது? கொஞ்சம் மெல்லும், நிறுத்தி மூச்சு வாங்கும். வாசனை தெரியாததால் ருசியும் குறையும். நாம் அதை அடம் என்று நினைக்கிறோம்.

காது: காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் அடைபட்டால் காதுக்குள் நீர் தேங்கும், கேட்பது மங்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமக் கூட்டத்தில் ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தார். "மந்தமா இருக்கான், கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான், சோறும் இறங்கல. அடிச்சும் பார்த்தாச்சு" என்றார். பூச்சி மருந்து, கீரை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எப்படித் தூங்குகிறான் என்று கேட்கவில்லை. மறு வருஷம்தான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினேன். பையன் மந்தமில்லை, காது சரியாகக் கேட்கவில்லை. அந்த ஒரு வருஷ அடியில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் உங்களிடம் சொல்றேன்.

வீட்டிலேயே ஒரு சோதனை: "மாமா" என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் மூக்கு அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் தாமதிக்கவே கூடாது. மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடலாம். குழந்தை இருக்கும் அறையில் பீடி, அடுப்புப் புகை வேண்டாம்.

ஆபரேஷன் என்று பயந்துவிடாதீர்கள். 7, 8 வயதுக்கு மேல் இந்தச் சதை தானாகவே சுருங்கத் தொடங்கும். பலருக்கு மருந்தே போதும். சிலருக்கு மயக்கம் கொடுத்து வாய் வழியாக எடுப்பார்கள். வெளியே தழும்பு இருக்காது. "எடுத்தா எதிர்ப்பு சக்தி போயிடுமே" என்ற கவலை வேண்டாம். அதே வேலையைச் செய்ய உடம்பில் வேறு சதைகள் உண்டு.

குழந்தையை மந்தம் என்று சொல்லும் முன், மூக்கையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.