‘கிவ்’ என்னும் சொல்லும் தமிழின் கொடைச் சொற்களும்



ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளை முதலாண்டிலேயே கற்றுவிடும் வினைச்சொற்களுள் ஒன்று ‘கிவ்’. பொருள் என்னவென்றால் ‘கொடு’ என்று பிள்ளையும் சொல்லும், ஆசிரியரும் சொல்வார். அவ்வளவில் செய்தி முடிந்துவிடுமாயின் இவ்வுரைக்கு வேலையில்லை. மொழிபெயர்ப்பில் கைவைத்தோர் அறிவர்: அந்த ஓரசைச் சொல் தமிழுக்குள் ஒரே வாயில் வழியாக நுழைவதில்லை. அரசன் ஆண்டிக்கு இட்டாலும், ஆண்டி அரசனுக்கு நீட்டினாலும், தோழன் தோழனுக்குப் பகிர்ந்தாலும் ஆங்கிலத்தில் அது ‘கிவ்’ ஆகலாம். கொடுப்பவன் எங்கே நிற்கிறான், கொள்பவன் எங்கே நிற்கிறான் என்று அச்சொல் கேட்பதில்லை. தமிழ் கேட்கிறது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இதனை இரண்டு இடங்களில் எடுத்துப் பேசுகிறார். கிளவியாக்கத்தில் அவர் நோக்குவது திசை. செல், வா, தா, கொடு என்னும் நான்கையும் ஒருங்கே வைத்து, வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைகளுக்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்று வகுக்கிறார். பொருள் பேசுவோனையோ கேட்போனையோ நோக்கி வருமாயின் ‘தா’. அவ்விருவரையும் விட்டு மூன்றாமவனிடம் போகுமாயின் ‘கொடு’. எச்சவியலில் அவர் நோக்குவது நிலை. இரப்போன் தாழ்ந்தவனாயின் ‘ஈ’ என்பான். ஒத்தவனாயின் ‘தா’ என்பான். உயர்ந்தவனாயின் ‘கொடு’ என்பான். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியாரும் இவ்விரு விதிகளையும் நன்னூலில் ஏற்றுக்கொண்டார்.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடமும் உண்டு. ‘கொடு’ படர்க்கைக்கே உரியதென்றால், உயர்ந்தோன் தனக்கு வேண்டிய பொருளை அச்சொல்லால் எங்ஙனம் கேட்பான்? தொல்காப்பியரே விடை தருகிறார்: அவன் தன்னைப் பிறன் ஒருவனைப்போல வைத்துப் பேசுகிறான். கேட்கும்போதும் கேட்பவனாகத் தோன்ற விரும்பாத நெஞ்சத்தை ஒரு வினைச்சொல்லுக்குள் கண்டுபிடித்த நுட்பம் அது. இலக்கணம் வறட்சியானது என்போர் இந்த இடத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

இவ்வேறுபாடு சூத்திரத்தோடு நின்றதன்று. புறநானூற்றின் 204-ஆம் பாட்டில் கழைதின் யானையார் வல்வில் ஓரியை முன்வைத்து, இரத்தலின் இழிவையும், இல்லையென மறுத்தலின் பெரிய இழிவையும் பேசுகிறார். இரப்பவன் வாயில் அவர் வைக்கும் சொல் ‘ஈ’. தானே முன்வந்து கொள்ளச் சொல்பவனைப் பாடும்போதோ வினை ‘கொடு’ என மாறிவிடுகிறது. திருக்குறளின் 23-ஆம் அதிகாரத்திற்கு ‘ஈகை’ என்றே பெயர். வறியவர்க்கு வழங்குவது மட்டுமே அப்பெயருக்கு உரியது, மற்றவையெல்லாம் கைம்மாறு எதிர்பார்ப்பவை என்று அதன் முதற்குறளிலேயே வள்ளுவர் எல்லை கட்டிவிடுகிறார்.

இனி, விதியை அறிந்தும் மீறும் கவியுள்ளத்தைக் காண ‘நல்வழி’யின் கடவுள் வாழ்த்துக்குப் போகவேண்டும். ஔவையார் பிள்ளையாருக்கு நான்கு பொருள்களைக் கலந்து படைக்கிறார். ஈடாக மூன்று தமிழைக் கேட்கிறார். மனிதர் கடவுளிடம் கேட்பதால் இலக்கணப்படி ‘ஈ’ என்றே வரவேண்டும். அவர் கேட்பது ‘தா’ என்று. தாம் படைப்பதையும் ‘தருவேன்’ என்றே சொல்கிறார். இருபுறமும் ஒரே வினை. ஒரு கிழவியும் ஒரு தெய்வமும் சம தளத்தில் உட்கார்ந்து பண்டமாற்றுச் செய்கின்றனர். அங்கே வேறு வினையை வைத்தால் அப்பாட்டின் உரிமையும் குறும்பும் போய்விடும். ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இரண்டு இடத்திலும் ‘கிவ்’ என்றே எழுதுவார், பிழையில்லை. ஆயினும் அச்சொல்லை ஔவையார் தேர்ந்தெடுத்தார் என்பது அங்கே தெரியாது.

உடன்பிறந்த மொழிகளையும் ஒரு கணம் பார்ப்பது நலம். திசை வேறுபாட்டை மலையாளம் இன்றும் கைவிடவில்லை. தனக்கு வேண்டுமானால் ‘தரூ’, அவனுக்கு வேண்டுமானால் ‘கொடுக்கூ’; மாற்றிச் சொன்னால் எழுத்தறியாத கேரளத்தாரும் திருத்துவர். தெலுங்கில் தமிழின் ‘ஈ’க்கு உறவான சொல்லே, தாழ்வுக் குறிப்பு ஏதுமின்றி எல்லா நிலைக்கும் பொதுவாகிவிட்டது. தொலைவிலுள்ள ஜப்பானிய மொழியிலும் பேசுவோனை நோக்கி வருவதற்கு ஒரு வினை, அவனிடமிருந்து விலகிப் போவதற்கு வேறு வினை. சென்னைப் பேச்சிலோ ‘குடு’ என்பது ஏறக்குறைய எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது.

கொடுப்பதற்குப் பொருளே தேவையில்லாத வழக்குகளும் இருமொழியிலும் உண்டு. ‘கிவ் அவே’ என்றால் இலவசமாகக் கொடுத்துவிடுவது; காட்டிக்கொடுப்பதும் அதுவே. இரண்டகத்திற்கு இரு மொழிகளும் கொடை வினையையே நாடியிருப்பது விந்தை. அழுத்தத்துக்கு ஒரு பலகையோ தகடோ இணங்கினால் ஆங்கிலத்தில் அது ‘கிவ்’. அம்பத்தூர்ப் பட்டறையில் தகடு ‘வளைந்து கொடுக்கும்’. சொல்லிக்கொடு, விட்டுக்கொடு, எடுத்துக்கொடு, முகங்கொடு, பிடிகொடு, ஈடுகொடு என்று தமிழ் இவ்வினையை எங்கெல்லாம் ஒட்டவைத்திருக்கிறது! குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாருக்கு இறைவன் பெரியபுராணத்தின் முதலடியை ‘எடுத்துக்கொடுத்தான்’ என்றே மரபு பேசும்.

ஒவ்வாத இடமும் உண்டு. அதுவே கவிஞர் கவனத்துக்குரியது. ஆங்கிலத் தாய் குழந்தைக்குப் பிறப்பைக் ‘கொடுக்கிறாள்’. தமிழ்த் தாய் குழந்தையைப் ‘பெறுகிறாள்’. ஒரே வலி, ஒரே குருதி. ஒரு மொழி அதைக் கொடையாகவும் மற்றொன்று பேறாகவும் கண்டது. ‘பிறப்புக் கொடுத்தாள்’ என்று மொழிபெயர்ப்புக் கதைகளில் அச்சேறும்போது நடப்பது வெறும் நடைப்பிழையன்று. ஒரு பார்வையே அங்கே பறிபோகிறது. பார்வை ‘கொடுத்தாள்’ என்பதும் இவ்வகையே. தமிழில் பார்வையை வீசுவார்கள், செலுத்துவார்கள்.

நல்கு, அளி, வழங்கு, உதவு, அருள், இடு, படை, செலுத்து என்று பிற சொற்களும் நிகண்டுக்காகப் பிறந்தவை அல்ல. நீதிமன்றம் தீர்ப்பு வழங்கும். அமைச்சர் பேட்டி அளிப்பார். குடிமகன் மனுக் கொடுப்பான், வரி செலுத்துவான். எச்சவியல் கூறிய நிலை வேறுபாடு செய்தித்தாளில் வேறு உடையணிந்து உலவுகிறது. எதுகைக்கு ஒத்துவருகிறது என்பதற்காக ‘நல்கினான்’ என்று எழுதும் கவிஞர், அச்சொல்லில் அன்பின் ஈரம் உண்டென்பதை மறந்தால், கடன் கொடுத்தவனையும் வள்ளலாக்கிவிடுவார்.

மண்ணூர்பேட்டையை ஒட்டிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது. இப்பகுதிக் கவிஞர் பலருக்கு அதன் ஆலைவாயில் பாடுபொருள். அவ்வாயிலில் ஒரே தொழிலாளியின் இரண்டு மொழிகளைக் கேட்கலாம். முன்பணம் வேண்டி எழுதும் விண்ணப்பத்தில் அவன் ‘வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’ என்பான். அவனே வேலைநிறுத்த நாளில் வாயிலின் முன் நூறு பேரோடு நின்று, ‘போனஸ் கொடு’ என்று முழங்குவான். ‘ஈ’ என்று எவனும் முழங்குவதில்லை. ‘தா’ என்பதும் அரிது. முழக்கமிடுவோருக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘கொடு’ என்பது அவர்களுக்கு அன்றாடச் சொல். எனினும் இழிந்தோன், ஒத்தோன், உயர்ந்தோன் என்று எச்சவியல் வகுத்த மூவருள், அந்த வாயிலில் நிற்பவன் வாயில் வந்திருப்பது உயர்ந்தோன் கேட்கும் சொல்.