சிம்லா, சண்டிகர், நம்ம பாகூர் ஏரி



வடக்கே இரண்டு தலைநகரங்களைக் குடும்பத்தோடு சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். இமாசலத்தின் சிம்லாவுக்கு 1903-இல் திறந்த மலை ரயில். 96 கிலோமீட்டரில் நூற்றுக்கு மேல் குகைகள்! பிள்ளைகள் எண்ணியே களைத்துப் போனார்கள்.

பஞ்சாப், அரியானா இரண்டுக்கும் தலைநகரான சண்டிகரில், லெ கொர்புசியே வடிவமைத்த சட்டசபையைவிட என் மனசில் நின்றது சுக்னா ஏரி. மலையோடையை மறித்து 1958-இல் உண்டாக்கியது. வண்டல் சேர்ந்து தூர்ந்தபோது ஊர்மக்களே மண்வெட்டியும் கூடையுமாக இறங்கியிருக்கிறார்கள்.

கரையில் ஒரு பெரியவர், "உங்க ஊர்ல ஏரி இருக்கா?" என்று கேட்டார். பாகூர் ஏரிக்குச் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வருவதையும், 9-ஆம் நூற்றாண்டிலேயே பல்லவன் நிருபதுங்கன் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் கொடுத்ததையும் பெருமையாகச் சொன்னேன். "சரி, நீங்க எப்ப தூர் வாரினீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நானும் எஞ்சினீயர்தான். அந்த ஏரிப் பாசன நெல்லைச் சாப்பிட்டுத்தான் இங்கே படித்தேன். வருகிற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுமதி வாங்கிக்கொண்டு, மண்வெட்டியோடு வாய்க்கால் கரைக்குப் போகிறேன். யார் யார் கூட வர்றீங்க?