நாமே வீடியோ எடுக்கலாம், கடன் வாங்காமல்

(தியாகதுருகத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் இரண்டு குழுக்களிடமிருந்து ஒரே மாதிரி தீர்மானம் வந்தது. "யூடியூப் சேனல் ஆரம்பிக்கப் போகிறோம். கேமரா வாங்க 60,000 ரூபாய் கடன் வேண்டும்" என்று. ஒரு குழு மரவள்ளிச் சிப்ஸ் போடுகிறது. இன்னொரு குழு கல்வராயன் மலைத் தேனையும் சாமையையும் வாங்கி விற்கிறது. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அந்த 60,000 ரூபாய் யாருடைய பணம்? வாராவாரம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி நாம் போட்ட சேமிப்பு. அதனால் கடனைப் பற்றி முடிவு எடுப்பதற்கு முன்னால், எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

நமக்கு முன்னால் எடுத்தவர்கள்

"நமக்கெல்லாம் வீடியோ எடுக்க வருமா?" என்று சிலர் கேட்கிறீர்கள். 1984-ல் அகமதாபாத்தில் சேவா சங்கம் தன் உறுப்பினர்களுக்கு வீடியோ பயிற்சி கொடுத்தது. அதில் தெருவில் காய்கறி விற்கிற பெண்களும் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட கேமராவைப் பிடித்தார்கள்.

இன்றைய தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்ற ஊர். அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கங்களைச் சேர்ந்த தலித் பெண் விவசாயிகள் 2001-ல் தங்களுக்கென்று ஒரு ஊடக அமைப்பையே தொடங்கினார்கள். வாரங்கல் பகுதி பி.டி. பருத்தி விவசாயிகளின் நஷ்டத்தைப் பற்றி 2003-ல் படம் எடுத்தார்கள்.

கேமரா வைக்கும் கோணத்துக்கு அந்தப் பெண்கள் தாங்களே பெயர் வைத்தார்கள். கீழே இருந்து அண்ணாந்து எடுத்தால் "அடிமை ஷாட்". மேலே நின்று குனிந்து எடுத்தால் "பட்டேல் ஷாட்", அதாவது நிலக்காரர் பார்க்கிற பார்வை. கண்ணுக்கு நேராக வைத்து எடுத்தால் "சங்கம் ஷாட்". சங்கத்தில் எல்லாரும் சமமாக உட்கார்ந்து பேசுகிறோம் இல்லையா, அந்த மாதிரி. தரையில் உட்கார்ந்து கிழங்கு சீவுகிற அக்காவை எடுக்க வேண்டுமா? நாமும் தரையில் உட்கார வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை.

இன்னொரு விஷயம். 2006-ல் பெங்களூரில் ஆரம்பித்த டிஜிட்டல் கிரீன் என்ற முயற்சியில், விவசாயிகளையே நடிக்க வைத்து, பேச வைத்து சின்ன வீடியோக்கள் எடுத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் படம் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. "இவர் யார், எந்த ஊர்?" என்றுதான் கேட்டார்கள். நம்ம ஊர் முகம், நம்ம ஊர்ப் பேச்சு. அதுதான் நம்முடைய முதல். அதைக் கடையில் வாங்க முடியாது.

என்னென்ன வேண்டும்?

ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று பேரிடம் நல்ல ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. ஆரம்பிக்க அது போதும். வாங்க வேண்டியது மூன்றே பொருள்.

1. வயர் வைத்த காலர் மைக். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் உடனே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். வாங்கும்போது நம் போனில் மாட்டும் பின்னா என்று போனைக் கொண்டுபோய்ச் சரிபார்த்து வாங்குங்கள்.

2. போன் வைக்கிற முக்காலி ஸ்டாண்டு. கை நடுங்காது. ஸ்டாண்டில் வைத்துவிட்டால் எடுக்கிறவர் கையும் ஓய்வாக இருக்கும்.

3. போனில் நேராகச் செருகுகிற 64 ஜி.பி. பென்டிரைவ்.

மூன்றும் சேர்த்து ஏறக்குறைய 3,000 ரூபாயில் முடிந்துவிடும். லைட்டு வாங்க வேண்டாம். காலை 9 மணி வரைக்கும், சாயங்காலம் 4 மணிக்கு மேலும் உள்ள வெயில் முகத்துக்கு நல்லது. சமையல் அறை இருட்டாக இருந்தால் அடுப்பை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல.

வேலை வரிசை

எடுப்பதற்கு முந்தின நாள்: என்ன சொல்லப் போகிறோம் என்று நோட்டில் பத்து வரி எழுதுங்கள். மூன்று பேர் பொறுப்பு எடுங்கள். ஒருவர் போன், ஒருவர் சத்தம், ஒருவர் நோட்டு. போனில் இடம் காலி செய்யுங்கள். ஒரு நிமிட வீடியோவுக்கு ஏறக்குறைய 100 முதல் 150 எம்.பி. ஆகும். செட்டிங்கில் 1080, 30 என்று வையுங்கள். 4கே வேண்டாம், அது பல மடங்கு இடம் பிடிக்கும்.

எடுக்கும் நாள்: லென்ஸை முந்தானையால் அல்ல, சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். ஏரோபிளேன் மோடு போடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் போன் வந்துவிடும். பேன், டிவி, கிரைண்டரை நிறுத்துங்கள். முதலில் பத்து விநாடி எடுத்து, இயர்போன் மாட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு வேலையையும் தூரத்திலிருந்து ஒரு முறை, பக்கத்திலிருந்து ஒரு முறை, கையை மட்டும் ஒரு முறை எடுங்கள். ஒவ்வொன்றையும் பத்து விநாடி ஆடாமல் பிடியுங்கள். வெட்டி ஒட்டும்போது அது கைகொடுக்கும். எடுத்ததை எல்லாம் நோட்டில் வரிசையாகக் குறியுங்கள்.

அன்று இரவே: எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றுங்கள். இன்னொரு நகல் இன்னொருவர் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் திறந்து பார்த்த பிறகுதான் போனில் அழிக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை நாங்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டோம். ஒரு வருஷம் மலையில் சாமை அறுவடையை எடுத்தோம். நான்கு பெண்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு எங்களுக்காக வந்தார்கள். அறுத்து, அடித்து, தூற்றி, உரலில் குத்துவது வரை எல்லாம் எடுத்தாயிற்று. நகல் எடுப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். மறுநாள் போனில் இடம் இல்லை என்று எங்களில் ஒருவரே பழையது என்று நினைத்து அழித்துவிட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு துண்டுதான் மிச்சம், அதுவும் கலங்கலாக. அந்த நான்கு பேர் முகத்தில் விழிக்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது. "பரவாயில்ல, அடுத்த வருஷம் வாங்க" என்றார்கள். அவர்கள் விட்ட கூலியை யார் கொடுப்பது?

கணக்கும் அனுமதியும்

சேனலைத் திறக்கிற ஜிமெயில் கணக்கு குழுவின் பெயரில் இருக்கட்டும். உதவி செய்கிற பையனின் போன் நம்பரில் திறந்தால், நாளைக்குச் சேனல் அவன் கையில்தான் இருக்கும். வங்கிக் கணக்குக்குக் கூட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறோம் அல்லவா? அதுபோல பாஸ்வேர்டு பொறுப்பில் உள்ள இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும்.

யாரை எடுத்தாலும் முதலில் கேளுங்கள். சம்மதத்தைத் தீர்மான நோட்டில் எழுதி வாங்குங்கள். வெளியிடும் முன் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். "இந்த இடம் வேண்டாம்" என்றால் எடுத்துவிடுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அழுதுகொண்டிருந்த பெண்களின் முகங்களை நாம் எல்லாரும் டிவியில் பார்த்தோம். அந்த இடத்தில் நம் அக்கா இருந்தால் எப்படி இருக்கும் என்று போனைத் தூக்கும்போதெல்லாம் யோசியுங்கள்.

வருமானம் வருமா?

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. ஆனால் எல்லாருக்கும் அப்படி நடந்துவிடாது. விளம்பரப் பணத்தில் பங்கு வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும் (ஷார்ட்ஸுக்கு வேறு கணக்கு). ஐந்து நிமிட வீடியோவை 48,000 பேர் முழுசாகப் பார்த்தால்தான் 4,000 மணி நேரம். சினிமாப் பாட்டு சேர்த்தால் அந்த வீடியோவின் வருமானம் பாட்டுக்கு உரிமை உள்ளவருக்குப் போகலாம். ஆகவே அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். வீடியோவைப் பார்த்து யாராவது நம் சிப்ஸையும் தேனையும் வாங்கினால், அதுதான் முதல் வருமானம்.

எங்கள் யோசனை இதுதான். இரண்டு குழுவும் சேர்ந்து 3,000 ரூபாயில் சாமான் வாங்கட்டும். மூன்று மாதத்தில் மூன்று வீடியோ எடுக்கட்டும். வீடியோவைப் பார்த்து வந்த ஆர்டர் எத்தனை என்று தனி நோட்டில் எழுதட்டும். நான்காவது மாதம் அந்த நோட்டை இந்தக் கூட்டத்தில் வைத்து, கேமரா வேண்டுமா என்று நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வோம். அப்போதும் வேண்டும் என்றால், கடன் மனுவில் முதல் கையெழுத்துக்கு நாங்களே பரிந்துரை செய்கிறோம்.