மெமோ எங்கிருந்து வரும்?

(தலைப்பு: ‘காக்கியைக் கழற்றிவிட்டு அரசியலுக்கு வருவது மக்களுக்கு லாபமா, நஷ்டமா?’ ‘லாபமே’ என்ற அணியில், சிங்கப்பெருமாள் கோவிலில் பேசியது)



எனக்கு முன்னாடி பேசின அம்மா என்ன சொன்னாங்க? “உத்தரவு போட்டுப் பழகின வாய், ஓட்டுக் கேட்டாலும் அதட்டித்தான் கேட்கும்”னாங்க. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா அது நியாயமா? ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க.

மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர். நம்ம வீட்டுப் போர்வைக்குப் பேர் கொடுத்த ஊர். அங்கே 1941-ல் ஏழை தலித் குடும்பத்தில் பிறந்தவர் சுசீல்குமார் ஷிண்டே. கோர்ட்டில் அமீனாவாக வேலை பார்த்தார். பிறகு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். 1971-ல் சரத் பவார் அழைத்தார். காக்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் காங்கிரசுக்கு வந்தார்.

மாசம் பிறந்தா சம்பளம், வயசானா பென்ஷன். அதை விட்டுட்டு ஒருத்தர் அரசியலுக்குப் போறேன்னா நம்ம வீட்டுல என்ன கேட்போம்? ‘புத்தி பேதலிச்சுப் போச்சா?’ன்னுதானே! (சிரிப்பு) மறுநாளே நாற்காலி கிடைத்துவிடவில்லை. 1974-ல்தான் சட்டமன்ற உறுப்பினர் ஆனார்.

2002-ல் துணை ஜனாதிபதி தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் ராஜஸ்தானின் பைரோன் சிங் ஷெகாவத். அவர் யார் தெரியுமா? அவரும் பழைய சப்-இன்ஸ்பெக்டர்! (கைதட்டல்) ஒரு ஸ்டேஷன்ல ரெண்டு எஸ்.ஐ. இருக்கலாம், இந்த நாற்காலி ஒண்ணுதானே! ஷெகாவத்துக்கு 454 ஓட்டு, ஷிண்டேவுக்கு 305.

தோற்றவர் சோர்ந்து உட்காரவில்லை. 2003-ல் மகாராஷ்டிர முதலமைச்சர். அடுத்து ஆந்திர ஆளுநர். 2006-ல் மத்திய மின்துறை அமைச்சர். 2012-ல் உள்துறை அமைச்சர். இன்ஸ்பெக்டர் வந்தால் எழுந்து சல்யூட் அடித்தவர், எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் பொறுப்பான நாற்காலியில் உட்கார்ந்தார்!

எதிரணித் தம்பி சிரிக்கிறார். என்ன கேட்கப் போறார்னு தெரியும். ‘2012 ஜூலை 30, 31 ரெண்டு நாளும் வட இந்தியா இருட்டுல கிடந்ததே, அந்த 31-ஆம் தேதிதானே இவரை உள்துறைக்கு உயர்த்தினாங்க?’ உண்மைதான் தம்பி. நான் மறைக்கலை. ஸ்டேஷன்ல இப்படி நடந்தா மெமோ வந்திருக்கும். இங்கே பதவி உயர்வு வந்தது! (சிரிப்பு)

ஆனா கதை அதோட முடியலையே. 2014-ல் தேர்தல் வந்தது. நாட்டின் உள்துறை அமைச்சர், சொந்த ஊர் சோலாப்பூரில் தோற்றார். 2019-லும் தோற்றார். ஐ.பி.எஸ். பணியில் புகழ் பெற்ற கிரண் பேடியும் 2015-ல் டெல்லியில் தோற்றார். பழைய சீருடைக்கு மயங்கி யாரும் ஓட்டுப் போட்டுவிடவில்லை.

நடுவர் அவர்களே, இதுதான் நான் சொல்ல வந்தது. காக்கியில் இருக்கும்போது மெமோ மேலே இருந்து வரும். அரசியலில் மெமோ கீழே இருந்து வரும். போர்வை நெய்கிறவர் கொடுப்பார். கீரை விற்கிற ஆயா கொடுப்பார். ஒரு எஸ்.ஐ. தப்புப் பண்ணினா நீங்க எத்தனை மனு எழுதணும்? எத்தனை படி ஏறணும்? அவரே அரசியலுக்கு வந்துட்டா, விரல்ல ஒரு சொட்டு மை போதும்! (பலத்த கைதட்டல்) லாபம்னு சொன்னேனே, அது அவருக்கில்லை ஐயா, நமக்கு!

இந்த ஊர் நரசிம்மருக்கு நெற்றியிலே ஒரு கண் உண்டு. எப்போதும் தெரியாது. ஆரத்தி காட்டும்போது அர்ச்சகர் திருமண் காப்பை விலக்கினால்தான் தெரியும். போலீஸ் வேலை பார்த்தவருக்கும் அப்படி ஒரு கண் இருக்கிறது. யார் பொய் சொல்கிறான், எந்தக் கணக்கில் கள்ளம் என்று பார்க்கிற கண். கோப்பைப் பார்க்கும்போது அதைத் திறக்கட்டும். மனுவோடு வருகிற ஏழையைப் பார்க்கும்போது மூடிக்கொள்ளட்டும். மூடத் தெரியாதவருக்கு மெமோ கொடுக்க நாம் இருக்கிறோம்.

ஆகவே, லாபமே என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.