எடின்பரோ வழியாகத் தஞ்சைக்கு



கட்டடக்கலைக் கல்லூரியின் இந்தப் பட்டமளிப்பு மேடையில் விடாமுயற்சி பற்றியும் நாட்டுக்கு ஆற்ற வேண்டிய கடமை பற்றியும் பேசுவது மரபு. அதையெல்லாம் உங்கள் பேராசிரியர்கள் ஐந்தாண்டுகளாகச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். நான் ஓர் ஊரைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. நகரத் திட்டமிடலில் மேற்படிப்புக்காக அங்கே போனேன். போனது படிக்க, மனம் போனது ஊரின்மேல். உங்களில் சிலர் வரும் செப்டம்பரில் வெளிநாடு கிளம்புகிறீர்கள் என்று முதல்வர் சொன்னார். உங்களுக்கும் இது நடக்கும். நடக்கும்போது என்ன செய்வது என்பதுதான் என் பேச்சு.

முதலில் அழகைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பாறை உச்சியில் ஒரு கோட்டை. ஊருக்கு நடுவிலேயே ஆர்தர்ஸ் சீட் என்று 251 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று. அணைந்துபோன எரிமலை அது. ஞாயிறும் ஓரிரு விடுமுறை நாளும் தவிர மற்ற நாட்களில் பகல் ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும். 1861 முதல் இந்த வழக்கம். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். இதற்கெல்லாம் மயங்க ஒரு வாரம் போதும். சுற்றுலா வருகிறவர்கள் எல்லாருமே மயங்குகிறார்கள். அதை நான் காதல் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனக்குக் காதல் தொடங்கியது ஒரு மாடிப்படியில். மார்ச்மான்ட் என்ற பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்லால் கட்டிய அடுக்குக் குடியிருப்பில் ஓர் அறை எடுத்திருந்தேன். பல வீடுகளுக்கு ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டைக் கழுவுவது ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டாரின் முறை. யார் முறையோ அவர்கள் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் சின்ன அட்டை ஒன்று தொங்கும். கழுவி முடித்தவர் அதை எடுத்துப் பக்கத்து வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். சங்கமோ அபராதமோ அதற்குக் கிடையாது. எதிர்வீட்டு மூதாட்டி மட்டும் உண்டு. நம் முறை தப்பினால் அவர் வானிலையைப் பற்றிப் பேசும் குரலே மாறிவிடும்.

கட்டடம் படித்துவிட்டுப் போன எனக்கு இது புதிராக இருந்தது. கூரை ஒழுகினால் யார் செலவு? மேல்வீட்டுக்காரரா, எல்லாருமா? கேட்டுக்கொண்டே போனால் அந்த ஊரின் சட்டம், வரலாறு, சண்டை எல்லாம் வெளியே வந்தன. 2004-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லாத இடங்களில், பொதுப் பகுதியைப் பழுது பார்ப்பதைப் பெரும்பான்மை உரிமையாளர்கள் முடிவு செய்யலாம். செலவில் மற்றவர்களும் பங்கு தர வேண்டும். நம்மூர் அடுக்குமாடிச் சங்கக் கூட்டங்களில் தண்ணீர்த் தொட்டிக்கு வர்ணம் அடிப்பதை இரண்டு மணிநேரம் விவாதித்த பெற்றோர்கள் இங்கே இருப்பார்கள். அவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமை புரியும். ஓர் ஊரின் முகப்பைப் பார்த்து ரசிப்பது எளிது. அதன் கூரைக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கியபோதுதான் அது என் ஊராகத் தொடங்கியது.

பழைய நகரின் முதுகெலும்பு ராயல் மைல் என்ற சாலை. அதிலிருந்து இரு பக்கமும் குறுகலான சந்துகள் சரிவில் இறங்கும். அவற்றைக் குளோஸ் என்பார்கள். பெய்ஸ்லி குளோஸ் என்ற சந்தின் வளைவுக்கு மேலே ஒரு சிறுவனின் முகம் செதுக்கியிருக்கிறது. 1861 நவம்பர் 24 அன்று, நள்ளிரவு தாண்டிய வேளையில், அங்கே பல மாடிக் குடியிருப்பு ஒன்று அப்படியே சரிந்தது. 35 பேர் இறந்தார்கள். தோண்டிக்கொண்டிருந்தவர்கள் இனி யாருமில்லை என்று நினைத்த நேரத்தில் இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு பையன், தான் இன்னும் சாகவில்லை, தோண்டுங்கள் என்று குரல் கொடுத்தான். அவன் முகம்தான் அது.

அந்தச் சாவுகள் வீண்போகவில்லை என்று சொல்லலாமா? பாதிதான் சொல்லலாம். மறு ஆண்டே நகராட்சி ஹென்றி லிட்டில்ஜான் என்ற மருத்துவரைச் சுகாதார அதிகாரியாக நியமித்தது. அவர் 1865-இல் கொடுத்த அறிக்கை, ஊரில் எந்தப் பகுதியில் எவ்வளவு நெரிசல், எவ்வளவு சாவு என்று கணக்கெடுத்துக் காட்டியது. 1867-இல் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. நோய்பிடித்த குடியிருப்புகளை இடித்தார்கள், அகலமான தெருக்களைப் போட்டார்கள். இன்று அருங்காட்சியகம் இருக்கும் சேம்பர்ஸ் தெரு அப்படி வந்ததுதான். ஆனால் இடித்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் பக்கத்துச் சந்துகளில் இன்னும் நெருக்கிக்கொண்டார்கள். வரைபடத்தில் தெரு நேராகிவிட்டது. ஏழைகள் அதில் ஏறவில்லை. நாளைக்கு நீங்கள் ஒரு புறம்போக்குக் குடியிருப்பின் வரைபடத்தின் முன்னால் உட்காரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய நகரை ஒட்டிய பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் புதிய நகரம். ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளைஞர் போட்டியில் வென்று, 1767-இல் ஏற்கப்பட்ட திட்டம். இரண்டு நகரங்களும் சேர்ந்து 1995 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. அதன் நேர்த்தியைப் பற்றி உங்கள் பாடநூலே பேசும். பாடநூல் பேசாத ஒன்று: அங்கே செயின்ட் ஆண்ட்ரூ ஸ்குவேரின் நடுவில் வானளாவ ஒரு தூண், அதன் உச்சியில் ஹென்றி டண்டாஸின் சிலை. கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வையிட்ட வாரியத்தின் தலைவர். கம்பெனி வேலைக்கு ஸ்காட்லாந்து இளைஞர்களை அனுப்பி வைப்பதில் அவர் கை ஓங்கியிருந்தது. 1792-இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானத்தில் "படிப்படியாக" என்று திருத்தம் கொண்டுவந்தவரும் அவர்தான். 2020-இல் அந்தத் தூணைச் சுற்றிப் பெரிய விவாதமே நடந்தது. அந்த அழகிய வீடுகளில் சிலவற்றுக்கு நம் பக்கத்துப் பணமும் போயிருக்கிறது. இது தெரிந்த பிறகும் அந்தத் தெருக்களில் நடப்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடியவில்லை.

பாரம்பரியத்துக்குப் பேர்போன ஊர் தன்னைத்தானே குதறிக்கொண்டதும் உண்டு. 1960-களில் எடின்பரோ பல்கலைக்கழகமே தன் விரிவாக்கத்துக்காக ஜார்ஜ் ஸ்குவேரின் பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகளில் பெரும்பகுதியை இடித்தது. படித்தவர்கள் இடிக்க மாட்டார்கள் என்று யாரும் நம்ப வேண்டாம். அதே காலத்தில் நகருக்குள் பெரிய வட்டச்சாலை போடத் திட்டமிட்டார்கள். மெடோஸ் என்ற பெரும் புல்வெளியும் அதன் பாதையில் இருந்தது. குடிமக்கள் எதிர்த்தார்கள், சாலை வரவில்லை. இன்றும் மாணவர்கள் அந்தப் புல்வெளியில் வெயில் காய்கிறார்கள். அங்கே வெயில் வருவது அபூர்வம் என்பதால் அதை விழாவாகவே கொண்டாடுகிறார்கள்.

இனி நான் பேச வந்த மனிதர். பேட்ரிக் கெடிஸ். தொழிலால் தாவரவியலாளர். 1886-இல் அன்னா மார்ட்டனை மணந்தார். வசதியானவர்கள் எல்லாம் புதிய நகரத்துக்குப் போய்விட்ட காலத்தில், அந்தத் தம்பதி குடிபோனது பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட்டுக்கு. அழுக்கும் நெரிசலுமான முற்றத்துக்கு. அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு சுவருக்கு வெள்ளையடித்தார்கள், குப்பை கிடந்த இடத்தில் தோட்டம் போட்டார்கள், கெட்டுப்போன கட்டடத்தை மட்டும் எடுத்துவிட்டு நல்லதைப் பழுதுபார்த்தார்கள். முழுக்க இடித்துத் தள்ளும் மேம்பாட்டுக்கு இது மறுமொழி. ஊரையும் முதலில் நோயாளியைப் போல் நாடி பார்க்க வேண்டும், மருந்து அப்புறம் என்பது கெடிசின் கட்சி.

1914-இல், அறுபது வயதில், சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் இந்தியாவுக்குக் கிளம்பினார். நகரங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் சேர்த்த படங்கள், வரைபடங்கள் எல்லாம் தனிக் கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை நடுக்கடலில் மூழ்கடித்தது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல். ஆமாம், அந்த செப்டம்பரில் சென்னைமேல் குண்டு போட்ட அதே எம்டன். இன்றுவரை நம் வீடுகளில் கண்டிப்பான அப்பாக்களுக்குப் பட்டப்பெயராக இருக்கிறதே, அது. வேறு யாராக இருந்தாலும் ஊர் திரும்பியிருப்பார்கள். இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் புதிதாகப் படங்கள் திரட்டி அனுப்ப, 1915-இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார். பிறகு மாகாணத்தின் ஊர் ஊராக நடந்தார்.

தஞ்சைக்கும் வந்தார். இந்த ஊர்க் கோட்டைக்குள் நெரிசலான ஒரு குடியிருப்பில் சந்துகளை அழித்து, கட்டம் போட்டதுபோல் நேர்த் தெருக்கள் வெட்ட ஒரு திட்டம் தயாராக இருந்தது. சேம்பர்ஸ் தெருவைப் பார்த்த கண்ணுக்கு அதன் முடிவு தெரியாதா? சந்து சந்தாக நடந்து, எந்த வீடு இடிந்து கிடக்கிறது, எது இன்னும் நூறாண்டு நிற்கும், எந்த மூலையை அகலப்படுத்தினால் காற்று வரும், எங்கே ஒரு மரம் வைக்கலாம் என்று பார்த்தார். பாழான சில வீடுகளை மட்டும் எடுத்தால் போதும் என்று வரைந்து காட்டினார். தெரு வெட்டும் திட்டத்தின் செலவில் சிறு பகுதியே அதற்கு ஆகும். பெரும்பாலான குடும்பங்கள் இருந்த வீட்டிலேயே இருக்கலாம். 1917-இல் அன்னா இந்தியாவிலேயே காலமானார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கெடிஸ் இங்கே வேலை செய்தார்.

எடின்பரோவின் ஒரு முற்றத்தில் குடியிருந்து கற்றதைத்தான் அவர் தஞ்சையில் பயன்படுத்தினார். எடின்பரோவைப் பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நட முயலவில்லை. வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பும் வேறுபாடு இதுதான். ஓர் ஊரைக் காதலித்துவிட்டுத் திரும்பும் நம்மவர்களில் பலர், அந்த ஊரின் விளக்குக் கம்பத்தையும் கல் பாவிய நடைபாதையையும் இங்கே கேட்கிறார்கள். கேட்டதைக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள். சில தெருக்களில் அதன் விளைவை நீங்களே பார்த்திருப்பீர்கள். கொண்டுவர வேண்டியது பார்க்கும் பழக்கம். கல்லையும் கம்பத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஊர்க்காரர்களோடு பழகுங்கள். தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டு மூதாட்டிதான் உங்களுக்கு ஊரைச் சொல்லித்தருவார். இங்கேயே இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கெடிசின் இந்திய அறிக்கைகளிலிருந்து தேர்ந்த பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் 1947-இல் நூலாகத் தொகுத்திருக்கிறார். தஞ்சைக்கான வரைபடங்களை அதில் பார்க்கலாம். முதல் வேலையில் சேரும் முன்பு அதைத் தேடிப் படியுங்கள். கையில் அதை வைத்துக்கொண்டு கோட்டைக்குள் ஒரு நாள் நடந்து, அவர் காப்பாற்றச் சொன்னவற்றில் எவை இன்னும் நிற்கின்றன என்று குறித்து, அந்தக் குறிப்பை மாநகராட்சிக்கு ஒரு பிரதி, உங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள்.