கண்மாயைக் கேட்டு நாள் குறிப்போம்



ஜூன் 5ஆம் தேதியை உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று 1973 முதல் உலகம் பூராவும் கொண்டாடி வருகிறார்கள். ஜூலை முதல் வாரத்தில் வன மகோத்சவம் வருகிறது. அதை 1950இல் மத்திய உணவு, விவசாய மந்திரியாக இருந்த கே. எம். முன்ஷி தொடங்கி வைத்தார். இரண்டும் நல்ல நோக்கத்தில் வந்த நாட்கள்தான். ஆனால் நம் சிவகங்கைச் சீமைக் கணக்கில் ஜூன் 5 என்றால் வைகாசி 22. அக்கினி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். நிலம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஊரில் ஜூன் 5 அன்று மரம் நடு விழா நடத்தினேன். கண்மாய்க் கரையில் 200 கன்றுகள். பந்தல், மைக்செட், பிள்ளைகளுக்கு மிட்டாய், போட்டோ எல்லாம் உண்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வருஷம் அதே ஊருக்குப் போனபோது கரையில் வரிசையாகக் குச்சிகள் நின்றன. ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை. பாதியை வெயில் எடுத்தது, மீதியை வெள்ளாடு எடுத்தது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா என்னை அடையாளம் கண்டு சிரித்தார். "ஒங்க விழாவுக்கு நாங்க எல்லாரும் வந்தோம் தம்பி. எங்க மழைக்கு நீங்க வரலையே" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அவர் சொன்னதில் விவசாய விஞ்ஞானமே அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. வடநாட்டுக்கு ஜூலை மழைக்காலம், நமக்கு அது கோடையின் வால். ஆகவே ஊர் கூடிச் செய்யும் பொது வேலைக்கு நாள் குறிக்கும்போது காலண்டரைப் பார்ப்பதோடு கண்மாயையும் கேட்க வேண்டும். எந்த மாதத்தில் அதற்கு என்ன தேவை என்று பார்த்துச் செய்தால் செய்த வேலை நிற்கும்.

இப்போது ஆடி மாதம். மழைக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. இந்தச் சமயத்தில் ஊரார் கூடிச் செய்யவேண்டிய முதல் வேலை, வரத்துக்காலை ஒரு தடவை நடந்து பார்ப்பது. கண்மாயைத் தூர்வார வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். தண்ணீர் வருகிற வழியைப் பற்றித்தான் பேச ஆள் இல்லை.

நான் வேலை பார்த்த ஒரு ஊரில் கோடையில் இயந்திரம் வைத்துக் கண்மாயை நன்றாகவே தூர்வாரினார்கள். அந்த வருஷம் மழையும் குறைவில்லை. பக்கத்து ஊர்க் கண்மாய் கலுங்கு பாய்ந்தது. இந்த ஊரிலோ அரைக் கண்மாய்கூட நிறையவில்லை. தை பிறந்தபோது நெல் பால் பிடிக்கிற பருவம். இன்னும் ஒரு தண்ணி, ஒரே ஒரு தண்ணி கிடைத்திருந்தால் வீடு வந்து சேர்ந்திருக்கும். கிடைக்கவில்லை. கடைமடையில் இருந்தவர்கள் கதிரோடு அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். கடன் வாங்கி உரம் போட்ட வயல்கள் அவை.

அடுத்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது பேர் சேர்ந்து கண்மாய் வாயிலிருந்து மேல்நோக்கி நடந்தோம். கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தோடு வந்தார். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஓரிடத்தில் டிராக்டர் கடப்பதற்காக மண்ணைப் போட்டு வாய்க்காலையே மேடாக்கியிருந்தார்கள். ரோட்டுப் பாலத்துக் குழாயில் பிளாஸ்டிக் பையும் காலி பாட்டிலும் அடைத்துச் சுவர் மாதிரி நின்றது. அதற்கு மேலே இரு பக்கமும் சீமைக் கருவேல் பின்னிக்கொண்டு ஆள் நுழைய முடியவில்லை. இன்னும் மேலே போனால் ஒரு வயல் வரப்பு வாய்க்காலில் பாதி அகலத்தைத் தின்றிருந்தது. அந்த வயல்காரர் யார் தெரியுமா? கண்மாய் நிறையவில்லை என்று கூட்டத்தில் எல்லோருக்கும் மேலாகச் சத்தம் போட்டவர்!

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். சண்டை வந்துவிடுமோ என்று நான் பயந்தேன். கூட வந்த பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "மாப்ளே, நீ விட்டுக்குடுக்கிறது எனக்கில்ல. ஒன்னோட இன்னொரு வயல் நம்ம மடையிலதான பாயுது?" மறுநாள் அவரே மண்வெட்டி எடுத்து வரப்பை வெட்டிவிட்டார். டிராக்டர் கடக்கிற இடத்தில் சிமெண்டுக் குழாய் பதித்து வழியும் உண்டு, தண்ணியும் உண்டு என்று ஆக்கினார்கள். குழாய்ச் செலவை அந்த வழியில் போகிற நாலு வீட்டார் பகிர்ந்துகொண்டார்கள்.

எல்லா ஊரிலும் இப்படிச் சுமுகமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றுவதற்குத் தமிழ்நாட்டில் 2007இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பேசித் தீராத இடத்தில் எழுதி மனுக் கொடுங்கள். நீங்களாகப் போய் ஒருவர் வரப்பை வெட்டாதீர்கள். அப்புறம் தண்ணீர் வராது, கோர்ட்டுச் சம்மன்தான் வரும். மனுவை எங்கே கொடுப்பது என்பதற்கு ஒரு அடையாளம்: ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு உட்பட்ட கண்மாய் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறை. 2021 வரை அது பொதுப்பணித் துறையோடு சேர்ந்திருந்தது. அதனால் பெரியவர்கள் இன்னமும் 'பி.டபிள்யு.டி. கண்மாய்' என்றே சொல்கிறார்கள்.

அடுத்தது புரட்டாசி. மரம் நடுவதற்கு விழா எடுக்க ஆசைப்படுகிற சங்கத்தார், பள்ளிக்கூடத்தார் எல்லோரும் புரட்டாசிக் கடைசியைக் குறித்துக்கொள்ளுங்கள். கரைக்கு ஏற்றது பனை. பனையின் சல்லி வேர் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போதே பிள்ளைகளை விட்டுக் கொட்டை பொறுக்கச் சொல்லலாம், காசு செலவில்லை. ஒரு அடி ஆழத்தில், பத்தடிக்கு ஒன்றாகப் போடுங்கள். மடைக்குப் பக்கத்தில் மட்டும் எந்த மரமும் வேண்டாம். கொட்டையிலிருந்து முதலில் முளை கீழே இறங்கும், இலை மேலே வர மாதக்கணக்கில் ஆகும். முளைக்கவில்லை என்று நினைத்துக் கைவிட்டு விடாதீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. பொங்கல் சமயத்தில் நம் பையன்கள் கிழங்கு தோண்டித் தின்னப் புறப்படுவார்கள்! நட்டவர்களே காவல் இருக்க வேண்டியதுதான்.

பனை தவிர வேம்பு, புங்கன் வைப்பதானால், ஒரு வீட்டுக்கு இத்தனை கன்று என்று பெயர் சொல்லிக் கொடுத்து விடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, யார் முள் வேலி போடுவது என்று முடிவாகாத கன்றை நடவே வேண்டாம். 20 கன்று நட்டு 18 பிழைத்தால் நான் நடத்திய 200 கன்று விழாவைவிட அது பெரிய விழா.

மழை பிடித்துக் கண்மாய் நிறைந்தால் பறவைகள் வரும். திருப்பத்தூர் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிக் கண்மாய்களை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1977இல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கே சுற்றுவட்டத்து ஜனங்கள் தீபாவளிக்கு வேட்டுப் போடுவதில்லை. கூட்டில் இருக்கிற பறவை மிரளக் கூடாது என்று பிள்ளைகள்கூட அந்தக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலிலும் ஊர்க்காரர்கள் பரம்பரையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அது உரத் தண்ணீர் என்பது அவர்கள் அனுபவம். நத்தைக்குத்தி நாரை வயலில் நத்தையைப் பொறுக்கித் தின்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

2015 முதல் பொங்கலை ஒட்டிய நாட்களில் தமிழ்நாடு பூராவும் ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். கால்மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, எந்தப் பறவை எத்தனை என்று எழுதினால் போதும். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு வாத்தியாரோடு கரைக்கு அனுப்புங்கள். வருஷா வருஷம் எழுதி வைத்தால் கண்மாயின் சுகதுக்கம் அந்த நோட்டில் தெரியும்.

பங்குனிக்கு மேல் தண்ணீர் வற்றி, குஞ்சுகளும் பறந்துவிடும். அப்போதுதான் உள்வாயில் கை வைக்க வேண்டும். சீமைக் கருவேலை வெறுமனே வெட்டினால் அடுத்த வருஷம் ஒன்று பத்தாகக் கிளைக்கும், வேரோடு பிடுங்க வேண்டும். கோடை மழை ஒன்று பெய்து ஈரம் இறங்கிய பிறகு பிடுங்குவது சுலபம். ஆனால் இயந்திரக்காரருக்கு எல்லாக் கருவேலும் ஒன்றுதான். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்த மாலை போல இருக்கும். சீமைக் கருவேலின் பூ நீளமான கதிர் மாதிரி. காய் இடுக்கு இல்லாமல் நீண்டிருக்கும். முதல் நாளே ஊரார் போய் நாட்டு மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து விடுங்கள். பறவை கூடு கட்டுவது அதில்தான். கண்மாய் மரம் யாருக்கும் சொந்தமல்ல, அனுமதிக்கும் ஏலத்துக்கும் முறை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

கரம்பை அடிப்பதும் அதே சமயம்தான். வயலுக்குக் கட்டணமில்லாமல் வண்டல் எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருகிற ஏற்பாடு 2024இல் வந்தது. அதன்படி நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர். செம்மண், மணற்பாங்கான நிலத்துக்கு இது நல்ல மருந்து, ஈரத்தைப் பிடித்து வைக்கும். களிமண் நிலத்துக்காரர் மண் பரிசோதனை செய்துவிட்டு இறங்குங்கள். கரையை ஒட்டித் தோண்டாதீர்கள். மடைமட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது.

இதற்கெல்லாம் வாய்ப்பு எங்கே என்றால், கிராம சபையில். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று நாலு நாளாக இருந்ததை 2022இல் ஆறாக்கினார்கள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன. கண்மாய்க் கணக்கில் பாருங்கள்: மார்ச்சிலும் மே 1ஆம் தேதியும் கோடை வேலையைப் பேசலாம், ஆகஸ்டில் வரத்துக்கால், அக்டோபரில் மரம். ஊராட்சியில் ஓட்டு உள்ள யாரும் எழுந்து பேசலாம். 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் கூடினால்தான் சபை செல்லும். ஆகவே தாய்மார்களும் கட்டாயம் வர வேண்டும். குடிதண்ணீர்க் கிணறு ஊறுவதும் ஊறாததும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

ஆகஸ்டு 15க்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரத்துக்காலை நடந்து முடியுங்கள். எந்தச் சர்வே நம்பரில் என்ன அடைப்பு, எத்தனை அடி நீளம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதைச் சபையில் வாசித்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்று வாங்கிச் சங்கத்துப் பெட்டியில் வையுங்கள். நடக்கிற அன்று வேலிமுள் இருக்கும், காலில் செருப்பு அவசியம்.